பழையதா, புதுசா? மார்பகப் புற்றுக்குப் பிறகு கழுத்தில் நெறி

கேள்வி, 9 மார்ச் 2024

அம்மாவுக்கு 61 வயது. 2016-ல் வலது மார்பகத்தில் புற்று. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். பொங்கலுக்குப் பிறகு கழுத்தின் இடது பக்கம் நெறி கட்டியிருக்கிறது. வலி இல்லை. இங்கே பார்த்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பழசுதான் பரவியிருக்கு, ஸ்டேஜ் 4 என்கிறார். கத்தி பட்டால் இன்னும் பரவும், ஒன்றையும் எடுக்க வேண்டாம் என்கிறார் பெரியப்பா. லிம்ஃபோமாவாகவும் (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்று) இருக்கலாம் என்று என் மனைவி எங்கோ படித்திருக்கிறாள். ஒருமுறை புற்று வந்தவருக்கு வேறொரு புற்று தனியாக வருமா? ஸ்டேஜ் 4 என்றால் இனி ஒன்றும் இல்லையா?

9 மார்ச், இரவு

வரும். எனக்கு வந்தது. 2013-ல் இடது மார்பகம், 2023-ல் லிம்ஃபோமா. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்து ஸ்டேஜ் சொல்ல யாராலும் முடியாது தம்பி. முதலில் அந்த நெறியை முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், என் தையல் கடையில் முகூர்த்த ஜாக்கெட் பதினாலு கிடக்கிறது.

10 மார்ச்

நேற்று எழுதியதில் அவசரம் தெரிகிறது. தொட்டுப் பார்ப்பதில் ஒன்றுமே இல்லை என்பது போல எழுதிவிட்டேன், அப்படி இல்லை. மார்பகப் புற்று பரவிய நெறி பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும், அசைத்தால் அசையாது. லிம்ஃபோமா நெறி ரப்பர் மாதிரி, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். டிபி நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், சில சமயம் உடைந்து சீழ் வரும். இதெல்லாம் ஒரு சந்தேகத்துக்குத்தான் உதவும். என்னுடையதைத் தொட்டுப் பார்த்த நான்கு டாக்டர்களில் இரண்டு பேர் பழசு என்றார்கள், ஒருவர் டிபி என்றார், ஒருவர் மட்டும்தான் "தெரியலைம்மா, எடுத்துப் பார்ப்போம்" என்றார். அந்த நாலாவது டாக்டரிடம்தான் இன்றைக்கும் போகிறேன்.

12 மார்ச்

லிம்ஃபோமாவின் அறிகுறிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் ஜாக்கெட் தைப்பவள், கும்பகோணத்தில் இருபத்தெட்டு வருஷமாக. எனக்கு உடம்பு இளைத்ததைத் தராசு சொல்லவில்லை, என் ஜாக்கெட்தான் சொன்னது. 2022 ஆடி மாசம் என்னுடைய ஜாக்கெட் இரண்டை இரு பக்கமும் அரை இஞ்ச் பிடித்துத் தைத்தேன். துணி விட்டுப்போச்சு என்று நினைத்தேன். தீபாவளிக்கு முன்னால் அதே ஜாக்கெட்டை மறுபடியும் பிடித்தேன். பழைய தையலுக்கு உள்ளே புதுத் தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. மற்றவர் உடம்பில் கால் இஞ்ச் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் ஜாக்கெட்டில் மூன்று வரிசைத் தையலைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் இளைக்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்தது வியர்வை. இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல். மார்பகப் புற்றுக்குப் பிறகு தமாக்ஸிஃபென், லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்து அடங்கும். எனக்கு அப்போது ஒன்பது வருஷமாக அந்தப் பழக்கம். இரவில் வியர்த்தால் மாத்திரை வேலை என்று திரும்பிப் படுத்துவிடுவேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. மாத்திரைச் சூடு முகத்தில் ஆரம்பித்து சில நிமிஷத்தில் போய்விடும், ஃபேன் காற்று பட்டால் குளிரும். இது அப்படி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் நைட்டி பிழிகிற மாதிரி இருக்கும், தலையணை உறையைத் திருப்பிப் போட்டால் மறுபக்கமும் நனைந்திருக்கும். மார்கழிக் குளிரில் ஃபேன் இல்லாமல். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தார்.

காய்ச்சல் எனக்கு வரவில்லை. எடை, வியர்வை, காய்ச்சல் மூன்றையும் சேர்த்து பி அறிகுறிகள் என்கிறார்கள். காய்ச்சல் என்றால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், வேறு காரணம் இல்லாமல். அஞ்சு கிலோ குறைந்தால் எடைக் கணக்கில் சேரும்.

12 மார்ச், மதியம்

திருத்தம். அஞ்சு கிலோ என்று நான் எழுதியது தவறு. ஆறு மாதத்தில் உடம்பு எடையில் 10 சதவீதத்துக்கு மேல், அதுவும் நாமாக முயற்சி செய்யாமல் குறைந்திருக்க வேண்டும். 45 கிலோ உள்ளவருக்கு நாலரை கிலோவே போதும், 80 கிலோ உள்ளவருக்கு எட்டு. நான் 62-லிருந்து 55-க்கு வந்தேன், ஏறக்குறைய 11 சதவீதம். மகள் படித்துவிட்டு "டேப் பிடிக்கிறவங்க கணக்கைப் பாரு" என்றாள்.

இதில் எதுவுமே இல்லாமலும் லிம்ஃபோமா வரும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத நெறி ஒன்று மட்டும், அது போகாமல் இருப்பது மட்டும், பலருக்கு அவ்வளவுதான். வலிக்கவில்லை என்பதற்காக நிம்மதிப்படாதீர்கள். பல்வலி, தொண்டைப்புண்ணோடு வருகிற நெறிதான் பெரும்பாலும் வலிக்கும், அது இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

15 மார்ச்

எனக்கு எங்கே நேரம் வீணாயிற்று என்று சொல்கிறேன், உங்களுக்கு அது மிஞ்சட்டும்.

2022 அக்டோபரில் வலது கழுத்தில் நெறி. முதலில் போன இடத்தில் ஊசி சோதனை செய்தார்கள். "ரியாக்டிவ்" என்று வந்தது, அதாவது ஏதோ கிருமியால் வீங்கியது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் டிபி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். சளிச் சோதனை இல்லை, சதைப் பரிசோதனை இல்லை. நம் ஊரில் கழுத்து நெறிக்கு டிபி பெரிய காரணம்தான், சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். நிரூபிக்காமல் மாத்திரையைக் கையில் கொடுத்ததுதான் கோபம். ஐந்து வாரம் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று, வாய் கசந்தது, நெறி சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காய் ஆயிற்று, தொடை இடுக்கில் இன்னொன்று வந்தது.

ஊசி சோதனை ஏன் போதவில்லை என்று நாலாவது டாக்டர் விளக்கினார். அதை என் தொழில் மொழியில் சொல்கிறேன். ஒரு நூலை உருவிப் பார்த்தால் பருத்தியா பாலியஸ்டரா என்று சொல்லிவிடலாம். என்ன நெசவு என்று சொல்ல வேண்டுமானால் துணித்துண்டு வேண்டும். லிம்ஃபோமாவில் செல் மட்டும் பார்த்தால் போதாது, நெறிக்குள் அந்தச் செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதும் வேண்டும். ஃபாலிக்குலர் என்கிற மெதுவான வகையா, டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் என்கிற வேகமான வகையா என்பது அந்த அடுக்கிலும் தெரியும். அதனால் முழு நெறியை எடுப்பது நல்லது. எட்ட முடியாத இடமென்றால் தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுப்பார்கள்.

2023 ஜனவரியில் எடுத்தார்கள். மரத்துப்போகிற ஊசி, அரை மணி நேரம், மூன்று தையல். தையலைப் பார்த்தேன், நான் போட்டிருந்தால் இன்னும் நெருக்கமாகப் போட்டிருப்பேன். பிறகு சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை. சிடி20 (பி வகை நிணச் செல்லின் அடையாளம்) பாசிட்டிவ், சிடி3 (டி வகையின் அடையாளம்) நெகட்டிவ், ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் (செல்லில் அந்த ஹார்மோனை வாங்கும் இடம்) நெகட்டிவ். என் பழைய மார்பகப் புற்று ஈஸ்ட்ரஜன் பாசிட்டிவ். அந்த ஒரு தாளில்தான் பழையது வேறு, புதுசு வேறு என்று தெளிந்தது.

இன்னொன்று. அதுவரைக்கும் வீக்கம் குறைய என்று யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள். லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். சுருங்கிய பிறகு எடுத்தால் ரிப்போர்ட் குழம்பிப்போகும்.

16 மார்ச்

பெரியப்பாவுக்கு: கத்தி பட்டால் பரவும் என்று என் நாத்தனாரும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அது கழுத்திலிருந்து தொடைக்குப் போயிருந்தது, ஒரு கத்தியும் படாமல்.

கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. இருக்கட்டும். அவர் பயந்துதான் சொல்கிறார், நீங்கள் சண்டை போடாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

20 மார்ச்

இன்றைக்கு ஸ்டேஜ்.

மார்பகப் புற்றில் 4 என்றால் வேறு உறுப்புக்குப் போய்விட்டது, கட்டுப்படுத்தலாம், அடியோடு போக்குவது அபூர்வம் என்று 2013-ல் மனதில் பதிந்துவிட்டது. அதே அளவுகோலை லிம்ஃபோமாவுக்கும் வைத்ததுதான் என் தப்பு. இது ரத்தத்தைச் சேர்ந்த நோய். நிணநீர் உடம்பெல்லாம் ஓடுகிறது, அதனால் நோயும் ஆரம்பத்திலேயே பல இடத்தில் இருக்கும். 3, 4 என்பது இங்கே சாதாரணமாகக் கேட்கிற எண். டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகையில் 4 என்று சொல்லப்பட்டவர்கள் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள். மெதுவான ஃபாலிக்குலர் வகையில் 4 என்று சொல்லிவிட்டு, தொந்தரவு இல்லையென்றால் மருந்தே கொடுக்காமல் வருஷக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருப்பதும் உண்டு. என் வார்டில் ஒரு ஆசிரியைக்கு அப்படித்தான். நாலாம் ஸ்டேஜ் என்று சொல்லி ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல் அனுப்புகிறார்களே என்று அவர் வீட்டில் டாக்டரோடு சண்டை.

கணக்கு இதுதான். கோடு உதரவிதானம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை. ஒரு இடத்து நெறி மட்டும் என்றால் 1. இரண்டு மூன்று இடம், ஆனால் எல்லாம் கோட்டுக்கு ஒரே பக்கம் என்றால் 2. மேலேயும் கீழேயும் இருந்தால் 3. நெறிகளைத் தாண்டி ஈரல், எலும்பு மஜ்ஜை, நுரையீரல் என்று பரவலாக இறங்கியிருந்தால் 4. எனக்குக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மண்ணீரல். மண்ணீரல் உறுப்பு என்பதால் 4.

இந்தக் கணக்கு 1971-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் என்ற ஊரில் கூடிப் பேசியதிலிருந்து வந்தது. பிறகு இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸில் கூடித் திருத்தினார்கள். அப்புறம் சுவிட்சர்லாந்தில் லுகானோ ஏரிக்கரையில் கூடினார்கள், அது 2014-ல் வெளியானது, இப்போது அதுதான் நடப்பு. நோய் இருக்கும் இடத்தை ஒளிர வைத்துக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு மார்க் போடுகிற முறைக்குப் பெயர் டூவில், பிரான்ஸில் கடற்கரை ஊர். நல்ல ஊர்களாகப் பார்த்துத்தான் கூடியிருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு வரச் சொல்ல வேண்டும்.

21 மார்ச்

மேலே எழுதியதில் பெரிய தப்பு. ஃபைலை எடுத்துப் பார்த்தேன், என்னுடையது 3. ஒரு வருஷமாக எல்லோரிடமும் 4 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடந்தது என்னவென்றால், ஸ்கேன் ரிப்போர்ட்டில் மண்ணீரல் என்று பார்த்ததும் எங்கள் வீட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பி "அப்போ 4" என்றான். டாக்டர் அப்போதே திருத்தியிருக்கிறார், என் காதில் ஏறவில்லை. மண்ணீரல் நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்தது, டான்சிலும் அப்படித்தான். லிம்ஃபோமாவில் அவற்றை வேறு உறுப்பாகக் கணக்கிடுவதில்லை, பெரிய நெறி மாதிரிதான் வைப்பார்கள். 4 என்ற எண்ணைக் கேட்டவுடன் காது அடைத்துக்கொள்ளும் என்பதற்கு நானே சாட்சி.

பி எழுத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார். பி அறிகுறி இருந்தால் பி, இல்லையென்றால் ஏ. லுகானோ முறையில் இப்படி ஸ்டேஜுக்குப் பின்னால் சேர்ப்பது லிம்ஃபோமாவில் ஹாட்ஜ்கின் என்கிற வகைக்கு மட்டும். மற்ற வகைகளில் வயது, எல்டிஹெச் என்ற ரத்த அளவு, நடமாட்டம், நெறிக்கு வெளியே எத்தனை உறுப்பு என்பதையெல்லாம் ஸ்டேஜோடு கூட்டி ஒரு மார்க் போடுகிறார்கள். வெறும் ஸ்டேஜைவிட அந்த மார்க் உபயோகம்.

28 மார்ச்

அம்மாவுக்குப் பெட் சிடி தேதி கிடைத்திருக்கிறதாம். நல்லது. நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள்.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் சாப்பிடவில்லை. விடியற்காலை பஸ்ஸில் இறங்கியதும் பழக்க தோஷத்தில் ஒரு டீ குடித்தேன், சர்க்கரை போட்டு. டீ எல்லாம் சாப்பாட்டுக் கணக்கா? உள்ளே விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 231. அந்த ஸ்கேனில் ஏற்றுவதே கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரைதான். பசியோடு இருக்கும் புற்றுச் செல் அதை இழுத்துக்கொண்டு ஒளிரும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதந்தால் அது இழுக்காது. 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். காத்திருந்து பிற்பகலில் செய்யலாமா என்று கேட்டேன். அந்த மருந்து 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுமாம், எனக்கென்று வந்த அளவு அதற்குள் கரைந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி பஸ்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், குடல் முழுக்க ஒளிரும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம், வாயை மூடிக்கொண்டு படுப்பது.

ஒளிர்வதெல்லாம் புற்று இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். டிபி ஒளிரும், சமீபத்தில் போட்ட தடுப்பூசிக்கு அக்குள் நெறி ஒளிரும். ஸ்கேன் இடத்தைக் காட்டும், பெயர் சொல்லாது. பெயருக்குச் சதைதான்.

6 ஏப்ரல்

கேட்டவர் ரிப்போர்ட்டைச் சொல்லியிருக்கிறார். பழையதுதான். மார்பகப் புற்று, கழுத்து நெறியில். வலது மார்பகத்து நோய் இடது கழுத்துக்கு வந்திருப்பதால் மார்பகப் புற்றுக் கணக்கில் 4.

அந்த ஊர் டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. என் கதையை ஒரு மாசமாக எழுதி உங்களை வேறு பக்கம் நம்ப வைத்துவிட்டேனோ என்று நேற்று முழுக்க மிஷினில் உட்கார முடியவில்லை. எனக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஒருமுறை புற்று வந்தவருக்கு நெறி கட்டினால் டாக்டர்கள் முதலில் பழையதைச் சந்தேகப்படுவது நியாயம்தான், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எடுத்துப் பார்த்ததில் நஷ்டம் இல்லை என்று கேட்ட தம்பியே எழுதியிருக்கிறார். ரிசெப்டர்கள் 2016-ல் இருந்தபடியே இருக்கின்றனவா, மாறிவிட்டனவா என்று மறுபடி பார்க்க வேண்டும், சில பேருக்கு மாறும். அம்மாவுக்கு ஹார்மோன் பாசிட்டிவாகவே இருக்கிறது. அதனால் இப்போதைக்குக் கீமோ இல்லை, மாத்திரை. தொட்டுப் பார்த்த சோதனையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

14 ஏப்ரல்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

புதிதாக ஒருவர் கேட்கிறார்: அக்காவுக்குப் பத்து வருஷத்துக்கு முன் மார்பகப் புற்று, இப்போது டிஃப்யூஸ் லார்ஜ் பி செல். பழைய ஃபைல் தேவையா, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்கிறார்.

தேடுங்கள். பரண், பீரோ, மாமியார் வீடு, எங்கே வேண்டுமானாலும். முக்கியமாகக் கீமோ மருந்தின் பெயரும் அளவும் உள்ள தாள். டாக்ஸோருபிசின் என்று ஒரு சிவப்பு மருந்து. மார்பகப் புற்றுக்கும் அதுதான், லிம்ஃபோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டிலும் அதுதான் இருக்கிறது. அந்த மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தும், ஆகவே ஆயுளுக்கு ஒரு மொத்த அளவு உண்டு. உடம்புப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450-லிருந்து 550 மில்லிகிராம்தான் உச்சம் என்பார்கள். நான் 2013-ல் 60 வீதம் நாலு முறை வாங்கியிருந்தேன், 240. ஆர்-சாப் ஆறு முறை என்றால் 50 வீதம் 300. கூட்டினால் 540. இடது மார்பில் கரண்ட் வேறு வைத்திருந்தார்கள், இதயம் அந்தப் பக்கம். டாக்டர் எக்கோ எடுத்தார், இதயம் ஒரு துடிப்பில் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 55 சதவீதம், பரவாயில்லை என்றார். ஆனாலும் அந்தச் சிவப்பு மருந்தை எடுத்துவிட்டு எட்டோபோசைட் என்ற வேறு மருந்து போட்டார்.

நான் அந்தத் தாளை ஜவுளிக்கடை மஞ்சப்பையில், லைனிங் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பத்து வருஷம். தாள் இல்லையென்றால் டாக்டர் குருட்டுக் கணக்குத்தான் போட வேண்டும்.

அப்புறம் ரிடுக்ஸிமாப் (ஆர்-சாப்பில் உள்ள ஆர்) ஏற்றும் முன் மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உள்ளே தூங்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடும். முதல் முறை ஏற்றும்போது எனக்குக் குளிர் நடுக்கம் வந்து கட்டில் ஆடியது, வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது.

அக்காவுக்கு அக்குள் நெறிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் ஊசி, பிரஷர் பார்ப்பது முடிந்தவரை வேண்டாம். ஒவ்வொரு ஷிப்டிலும் புது நர்ஸ் வருவார், ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். நான் இடது கையில் சிவப்பு லைனிங் துணியைப் பட்டையாகத் தைத்துக் கட்டிக்கொண்டேன். கோயில் கயிறு என்று நினைத்து ஒரு நர்ஸ் எந்தக் கோயில் என்று கேட்டார்.

15 ஏப்ரல்

குடித்தால் நெறி வலிக்கும் என்பது உண்மையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான், ஹாட்ஜ்கின் வகையில் சில பேருக்கு மட்டும். வலிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு இன்னொரு ரவுண்டு போக வேண்டாம்.

2 மே

தலைகீழ் கேள்வி ஒன்று: பதினெட்டு வயதில் ஹாட்ஜ்கினுக்கு மார்பில் கரண்ட் வைத்தவர், இப்போது 31. அவருக்கு மார்பகப் புற்று வாய்ப்பு கூடுதல் என்பது உறுதியான விஷயம். கரண்ட் வைத்து எட்டு வருஷம், அல்லது 25 வயது, எது பிந்தியோ அதிலிருந்து வருஷா வருஷம் மார்பகத்துக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லையாம். இந்த வாரமே போகட்டும். என் வழி அது இல்லை, மார்பகக் கீமோவால் எனக்கு லிம்ஃபோமா வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்த மருந்துகளால் பிறகு வரக்கூடியது என்று தெரிந்தது ரத்தப் புற்று (லுகேமியா), அதுவும் குறைந்த பேருக்கு.

19 ஜூன்

என் முடிவு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்கள். சொல்லாமலே விட்டிருக்கிறேன். டூவில் மார்க் 1-லிருந்து 5 வரை, நெறியின் ஒளியை மார்புக்குள் ஓடும் ரத்தத்தோடும் ஈரலோடும் ஒப்பிட்டுப் போடுவது. ஈரலை மிஞ்சாமல் இருந்தால் 3 வரை, மிஞ்சினால் 4, 5. கீமோ முடிந்து எடுத்ததில் எனக்கு 2. இங்கே எண் சின்னதாக இருந்தால் நல்லது. ரிப்போர்ட்டில் "ஸ்கோர் 4" என்று வந்ததை ஸ்டேஜ் 4 என்று நினைத்து எதிர் பெஞ்சில் ஒருவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் என் தம்பி மாதிரி ஒருவன் இருந்திருப்பான்.

போன வாரம் காதுக்குப் பின்னால் ஒரு நெறி. இரண்டு நாள் தூங்கவில்லை. பொடுகு.

11 ஆகஸ்ட்

முதலில் கேட்ட தம்பியின் அம்மாவுக்கு நெறி சின்னதாகியிருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறது. வலது கை மட்டும் வீங்குகிறதாம், எந்த ஜாக்கெட்டும் ஏறவில்லை என்று புடவைக்குச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறாராம். அளவு ஜாக்கெட் ஒன்றைக் கூரியரில் அனுப்பச் சொன்னேன். நேற்று வந்தது, 2016-க்கு முன்னால் தைத்தது, கைவேலை நன்றாக இருக்கிறது. வலது கைக்குழியை முக்கால் இஞ்ச் கூட்டி, கையை முழங்கைக்கு மேலேயே நிறுத்தி, முன்பக்கம் கொக்கி வைக்கிறேன். கை வீக்கம் காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு என்று இஞ்ச் டேப்பில் பார்த்து எழுதுங்கள், சாயங்கால அளவுக்குத்தான் வெட்டுவேன்.